பந்துக்கு எதுக்குய்யா மார்க் ஷீட்?

முதல்லயே சொல்லிடறேன், நான் புள்ளிவிவரத்துக்கு எதிரி கிடையாது. அதுதான் எனக்குச் சோறு போடுது. காலையில நீலசந்திராவுல இருந்து கிளம்பி, டிராஃபிக்ல பாதி உயிரை விட்டு, ஆபீஸ்ல உட்கார்ந்து நாள் பூரா நான் பண்றது டேஷ்போர்டு. எந்தப் பொருள் எந்த ஊர்ல எத்தனை வித்துது, போன மாசத்துக்கு இந்த மாசம் ஏறுச்சா இறங்குச்சா, பச்சை அம்பு, சிவப்பு அம்பு. அதனால "இவன் பழைய பஞ்சாங்கம், கம்ப்யூட்டர்னா பயம்"னு என்னை ஒதுக்கிட முடியாது. கணக்கு தெரிஞ்சவன்ங்கிற உரிமையிலதான் இந்தச் சண்டையை ஆரம்பிக்கிறேன்.

சண்டை மூணு பேரோட. "ஃபுட்பால்ல நம்பருக்கு என்ன வேலை, அது மனசு சம்பந்தப்பட்ட விஷயம்"னு சொல்ற பெரியவங்க முதல் ஆளு. எதைக் கேட்டாலும் மொபைலை நீட்டி "எக்ஸ்.ஜி. பாருங்க சார்"னு சொல்ற ஆபீஸ் தம்பிங்க ரெண்டாவது ஆளு. பிள்ளையை ஃபுட்பால் அகாடமியில சேர்த்துட்டு மாசா மாசம் ரிப்போர்ட் கேட்கிற அப்பா அம்மா மூணாவது ஆளு. அதாவது நாமதான் :-)

பெரியவங்ககிட்ட இருந்து ஆரம்பிக்கலாம். அதான் மரியாதை.

எக்ஸ்.ஜி.ன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. எதிர்பார்க்கப்படும் கோல். ஒரு இடத்துல இருந்து அடிக்கிற ஷாட் கோலாகிறதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு, இதுக்கு முன்னாடி அடிச்ச ஆயிரக்கணக்கான ஷாட்டை வெச்சுப் போடற கணக்கு. பெனால்டின்னா கிட்டத்தட்ட 0.76. அதாவது நூறு பெனால்டி அடிச்சா சுமார் 76 உள்ள போகும். அரை மைதானத்துல இருந்து அடிச்சா பூஜ்யத்துக்குப் பக்கத்துல ஏதோ ஒரு எண். 2012ல ஆப்டா நிறுவனத்தோட சாம் கிரீன் இதைப் பத்தி எழுதினார். 2017ல பி.பி.சி.யோட 'மேட்ச் ஆஃப் த டே'யே காட்ட ஆரம்பிச்சுது. இப்ப டீக்கடையில கூட பேசறாங்க.

இந்தக் கணக்கை ஒரு பழைய மேட்சுக்குப் போட்டுப் பாருங்க. 1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக்ஸ். இல்ஃபர்ட்ல இந்தியாவும் பிரான்ஸும் ஆடின மேட்ச். நம்ம ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க வெறுங்கால். இந்தியாவுக்காக ஒரு கோல் அடிச்சவர் சாரங்கபாணி ராமன். பெங்களூர்க்காரர். ஒலிம்பிக் ஃபுட்பால்ல இந்தியாவோட முதல் கோல் அது. கடைசியில 2-1ன்னு பிரான்ஸ் ஜெயிச்சுது.

இதுல விஷயம் என்னன்னா, அன்னிக்கு இந்தியாவுக்கு ரெண்டு பெனால்டி கிடைச்சுது. ரெண்டுமே போச்சு. இன்னிக்குச் சராசரியை வெச்சுக் கணக்குப் போட்டா, அந்த ரெண்டு பெனால்டிக்கு மட்டுமே ஒன்றரை கோல் மதிப்பு. "பாவம், செருப்பில்லாம போய் தோத்துட்டு வந்தாங்க"ன்னு எழுபது வருஷமா சொல்லிட்டு இருக்கோமே, அதுக்கு இந்த ஒன்றரைங்கிற எண் பதில் சொல்லுது. அவங்க பரிதாபப்பட வேண்டிய ஆளுங்க இல்லை. ஜெயிச்சிருக்க வேண்டிய ஆளுங்க. ஸ்கோர் சொல்லாததை இந்தக் கணக்கு சொல்லிட்டுது. பெரியவங்களே, இதுக்கு மேல நம்பர் மேல கோவப்பட முடியுமா?

இன்னொண்ணும் சொல்றேன். என்கோலோ கான்டே. உயரம் 168 சென்டிமீட்டர். சின்ன வயசுல "குள்ளம்"னு சொல்லி பல அகாடமிங்க திருப்பி அனுப்பின பையன். பிரான்ஸ்ல கீழ் டிவிஷன்ல ஆடி ஆடி மேல வந்தவர். எதிராளி கால்ல இருந்து பந்தைப் பிடுங்கறதுல அவரோட எண்ணிக்கை அசாத்தியமா இருக்குன்னு கவனிச்சு, 2015ல லெஸ்டர் சிட்டி அவரை வாங்குச்சு. 2015-16 சீசன்ல 175 டேக்கிள், 156 இன்டர்செப்ஷன். பந்தயக்காரங்க ஐயாயிரத்துக்கு ஒண்ணுன்னு வெச்சிருந்த டீம் பிரீமியர் லீக் ஜெயிச்சுது.

"அனுபவக் கண்ணு போதும்"னு சொல்றவங்க இதை யோசிக்கணும். அந்த அனுபவக் கண்ணுதான் கான்டேயைத் திருப்பி அனுப்புச்சு. எண்ணிப் பார்த்தவன்தான் உள்ள கூப்பிட்டான். நம்மூர்ல "நல்ல உயரம், நல்ல கலரு, ஸ்டைலா ஓடறான்"னு பையனைத் தேர்ந்தெடுக்கற வாத்தியாரை எத்தனை பேரைப் பார்த்திருக்கோம்? அந்த வாத்தியார் கையில ஒரு நோட்டு இருந்திருந்தா, எத்தனை பேருக்கு வாழ்க்கை மாறியிருக்கும்?

பெரியவங்களோட சண்டை இத்தோட முடிஞ்சுது. இப்போ தம்பிங்க வாங்க.

தம்பிகளா, உங்க சாமிக்கு ஒரு மூதாதையர் உண்டு. பேரு சார்லஸ் ரீப். இங்கிலாந்து விமானப்படையில அக்கவுன்டன்ட். 1950 மார்ச் 18, ஸ்விண்டன்ல ஸ்விண்டன் டவுனும் பிரிஸ்டல் ரோவர்ஸும் ஆடின மேட்ச். முதல் பாதி ஆட்டத்தோட மந்தத்தைப் பார்த்து எரிச்சலாகி, ரெண்டாம் பாதியில நோட்டும் பென்சிலும் எடுத்து ஒவ்வொரு தாக்குதலையும் குறிக்க ஆரம்பிச்சார். அப்புறம் வருஷக்கணக்கா, நூத்துக்கணக்கான மேட்ச். உழைப்புன்னா அது உழைப்பு. கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனா கடைசியில அவர் கண்டுபிடிச்சது என்ன? கோல்கள்ல சுமார் 80 சதவீதம் மூணு பாஸ் அல்லது அதுக்குக் குறைவான பாஸ்ல வந்திருக்கு. அதனால நிறைய பாஸ் பண்றது வீண். தூக்கி முன்னாடி அடி, ஓடு.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஓட்டை எங்கன்னு ஒரு டியூஷன் கணக்கால சொல்றேன். ஒரு பரீட்சையை 100 பசங்க எழுதறாங்க. அதுல 90 பேர் ஒரே டியூஷன் சென்டர். பாஸானவங்கள்ல 80 சதவீதம் அந்த சென்டர் பசங்க. உடனே சென்டர்காரர் பேனர் கட்டறார், "பாஸானவர்களில் 80 சதவீதம் எங்கள் மாணவர்கள்"னு. நாமளும் வரிசையில நிக்கறோம். ஆனா எழுதினவங்கள்ல 90 சதவீதம் அவங்க பசங்களா இருக்கும்போது, பாஸானவங்கள்லயும் 90 வந்திருக்கணுமே? 80தான் வந்திருக்குன்னா, அங்க போகாத 10 பேர்தான் நல்லாப் படிச்சிருக்காங்க! ரீப் விஷயமும் இதேதான். மேட்ச்ல நடக்கிற தாக்குதல்கள்ல 90 சதவீதத்துக்கு மேல மூணு பாஸுக்குள்ளயே முடிஞ்சு போகுது. அப்படின்னா அவரோட எண்ணே அவருக்கு எதிரா சாட்சி சொல்லுது. 2005ல ஹியூஸ், ஃபிராங்க்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை முறையா வகுத்துப் பார்த்தாங்க. நல்ல டீம்களுக்கு நீளமான பாஸ் தொடர்ல இருந்துதான் விகிதப்படி அதிக கோல்னு வந்துது.

இதே சிந்தனையில போன இன்னொருத்தர், அவர் பேரும் ஹியூஸ்தான், சார்லஸ் ஹியூஸ், இங்கிலாந்து கால்பந்து சங்கத்துல பயிற்சிப் பொறுப்புல இருந்தார். தூக்கி அடிக்கற ஆட்டம் பாடமாவே ஆச்சு. பந்தைக் கால்ல வெச்சு விளையாடத் தெரிஞ்ச எத்தனை பசங்களை "கணக்குப்படி இது தப்பு"ன்னு அடக்கியிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. எண்ணினது தப்பில்லை. ஒரு வகுத்தல் போடாம விட்டதுதான் தப்பு. அந்த வகுத்தலுக்கு ஒரு தலைமுறை விலை கொடுத்துது.

"அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்ப டேட்டா பெருசு"ன்னு சொல்வீங்க. சரி, இந்தக் காலத்துக்கே வரேன்.

2014 ஜூலை 8, பெலோ ஹொரிசான்டே. பிரேசில் 1, ஜெர்மனி 7. அல்சூர் பக்கம் கௌதமபுரான்னு ஒரு ஏரியா. பேலேவுக்குச் சிலை வெச்சிருக்கிற தமிழ் ஜனங்க வாழற இடம். அந்தப் பக்கம் போய் இந்த மேட்சைப் பத்திப் பேசிடாதீங்க, உயிரோட திரும்ப மாட்டீங்க :-) அந்த மேட்ச்ல ஷாட் கணக்கு என்ன தெரியுமா? பிரேசில் 18, ஜெர்மனி 14. பந்தை வெச்சிருந்த நேரமும் பிரேசிலுக்குத்தான் கொஞ்சம் அதிகம். அந்த ரெண்டு வரியை மட்டும் படிச்சவன் பிரேசில் ஜெயிச்சுதுன்னு நினைப்பான். 29வது நிமிஷத்துலயே 5-0. அதுக்கப்புறம் அடிச்ச ஷாட்டெல்லாம் சாவு வீட்டு ஒப்பாரி. ஆனா எண்ணும்போது எல்லா ஷாட்டும் ஒண்ணுதான்.

2022 டிசம்பர் 1, கத்தார். ஜப்பான் 2, ஸ்பெயின் 1. ஸ்பெயின் ஆயிரம் பாஸுக்கு மேல போட்டுது. ஜப்பான் கால்ல பந்து இருந்தது 17.7 சதவீத நேரம். உலகக் கோப்பையில ஜெயிச்ச டீம்ல இதுதான் மிகக் குறைவு. 'பந்து நம்மகிட்ட இருந்தா நாம ஜெயிக்கறோம்'னு பத்து வருஷமா உலகமே நம்பின ஒரு எண், 90 நிமிஷத்துல பல்லிளிச்சுது.

நல்ல புள்ளிவிவரக்காரர் இதையெல்லாம் ஒத்துக்குவார். "எந்த நேரத்துல, எந்த ஸ்கோர்ல அடிச்ச ஷாட்டுன்னு பார்க்கணும்"னு அவரே சொல்வார். என் சண்டை அவரோட இல்லை. பாதி எண்ணைப் படிச்சுட்டு முழுத் தீர்ப்பு எழுதறவனோடதான்.

இப்ப மூணாவது சண்டை. எனக்கு ராத்திரி தூக்கம் கெட்டது இதுலதான்.

என் பொண்ணுக்குப் பத்து வயசு. ஃபுட்பால்னா உயிர். எனக்குச் சொந்த ஊர் குமரி மாவட்டத்துக் கடற்கரை. தூத்தூர், இரவிபுத்தன்துறைன்னு அந்தப் பக்கம் எல்லா ஊர்லயும் பந்து உண்டு. மைக்கேல் சூசைராஜ் வந்தது இரவிபுத்தன்துறையில இருந்துதான். மணல்ல ஓடி வளர்ந்த ரத்தம் பொண்ணுக்கும் இருக்குன்னு எனக்குப் பெருமை. இங்க மணலுக்கு எங்க போறது? ஒரு அகாடமியில சேர்த்தோம். பேரு வேண்டாம். மாசாமாசம் ஃபீஸ், மாசாமாசம் மொபைல்ல ஒரு ரிப்போர்ட். கலர் கலரா கிராஃப். வேகம், ஓடின தூரம், பாஸ் துல்லியம், மொத்தத்துக்கு பத்துக்கு ஒரு ரேட்டிங்.

மூணாவது மாசம் பாஸ் துல்லியம் 91 சதவீதம். வீட்ல கொண்டாட்டம். ஊருக்கு போன் போட்டு அவ பாட்டிக்கிட்ட வீட்டுக்காரம்மா சொல்றாங்க, "பாப்பா 91 வாங்கிட்டா அத்தே". ஏதோ கணக்குப் பரீட்சை மாதிரி!

அந்த ஞாயித்துக்கிழமை மேட்ச் பார்க்கப் போனேன். பந்து அவகிட்ட வருது. முன்னாடி ரெண்டு பேர் நடுவுல நல்ல இடைவெளி. அவளோட சிநேகிதி ஓடி வந்து கையைத் தூக்கறா. இவ திரும்பி, பின்னாடி நிக்கற டிஃபெண்டருக்குத் தள்ளிட்டா. மறுபடி பந்து. மறுபடி பின்னாடி. மேட்ச் பூராவும் இதே. வீட்டுக்கு வரும்போது கேட்டேன், "ஏம்மா, அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாம்ல?" பட்டுனு சொல்றா, "தப்பாப் போச்சுன்னா பர்சன்டேஜ் குறையும்ப்பா".

பத்து வயசு!

எனக்கு என் ஆபீஸ் ஞாபகம் வந்துது. வருஷக் கடைசியில அப்ரைசல். எத்தனை டிக்கெட் மூடினேன்னு ஒரு எண். அந்த எண்ணுக்காகச் சுலபமான டிக்கெட்டா பொறுக்கி மூடற கலை ஐ.டி.யில இருக்கற எல்லாருக்கும் தெரியும். கஷ்டமானதை எடுத்தவனுக்கு ரேட்டிங் 3. பொறுக்கினவனுக்கு 5. ஒரு அளவையை இலக்கா மாத்தின அடுத்த நிமிஷம் அது அளக்கறதை நிறுத்திடுதுன்னு பொருளாதாரத்துல ஒரு விதியே இருக்கு. சார்லஸ் குட்ஹார்ட்ங்கிற இங்கிலாந்துக்காரர் 1975ல சொன்னதுல இருந்து வந்தது. நமக்கு அதைப் புத்தகத்துல படிக்க வேண்டிய அவசியமே இல்லை. கட்-ஆஃப், ரேங்க், அப்ரைசல்னு வாழ்ந்துதான் இங்க வந்து சேர்ந்திருக்கோம்.

ஊரை விட்டு வந்த நமக்கு எண் மேல ஒரு பக்தி உண்டு. அதுல நியாயமும் உண்டு. நம்ம அப்பாவுக்குச் சிபாரிசு கிடையாது, சொத்து கிடையாது. 1,100க்கு மேல வாங்கின ஒரு மார்க் ஷீட்தான் நம்மளை ரயில் ஏத்திவிட்டுது. அந்தக் காகிதத்துக்கு நான் நன்றி கெட்டவன் இல்லை. ஆனா ரயில் ஏறினதுக்கு அப்புறமும் அதே காகிதத்தைப் பிள்ளை கையில திணிச்சு, அவ விளையாடற மைதானத்தையும் பரீட்சை ஹாலா மாத்தணுமா? பள்ளிக்கூடத்துல மார்க், டான்ஸ் கிளாஸ்ல கிரேடு, அபாகஸ்ல லெவல். தப்பு பண்ணினாலும் பரவாயில்லைன்னு பிள்ளைக்கு ஒரு இடம் வேண்டாமா? தப்பாப் போகக்கூடிய பாஸைக் கொடுக்கத் துணியாத பிள்ளை ஃபுட்பால் கத்துக்கவே முடியாது. அதை எந்த ரிப்போர்ட்டும் காட்டாது, ஏன்னா கொடுக்காத பாஸை யாரும் எண்ணறதில்லை.

அகாடமிக்காரங்களைக் கேட்டா, "பேரன்ட்ஸ் கேட்கறாங்க சார், ரிப்போர்ட் இல்லைன்னா வேற இடம் போயிடறாங்க"ன்னு சொல்றாங்க. பொய்யில்லை. கேட்கறது நாமதான்.

சரி, இவ்வளவு எண்ணுறோமே, எண்ண வேண்டியதை எண்ணுறோமா? அதையும் பாருங்க.

2023 மார்ச் 3. கன்டீரவா ஸ்டேடியம். பெங்களூரு எஃப்.சி.க்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் ஐ.எஸ்.எல். பிளே-ஆஃப். கூடுதல் நேரத்துல சுனில் சேத்ரி, கோல்கீப்பர் தயாராகறதுக்கு முன்னாடியே ஃப்ரீ கிக்கைத் தட்டி உள்ள போட்டார். பிளாஸ்டர்ஸ் மைதானத்தை விட்டே வெளிய போயிட்டாங்க. நாலு கோடி அபராதம் வரைக்கும் போச்சு. ஆபீஸ்ல ஒரு மாசம் அதே பேச்சு. எந்தக் கோணம், எத்தனை செகண்டு, விதி என்ன, எல்லாருக்கும் அத்துப்படி.

மறுநாள், மார்ச் 4. ரியாத்ல சந்தோஷ் டிராபி ஃபைனல். கர்நாடகா மேகாலயாவை 3-2ன்னு ஜெயிச்சுது. மைசூர்ங்கிற பேர்ல 1968-69ல கடைசியா ஜெயிச்சதுக்கு அப்புறம் 54 வருஷம் கழிச்சு வந்த கோப்பை! நம்ம ஊர் மைதானங்கள்ல, உள்ளூர் லீக்ல ஆடற பசங்க வாங்கிட்டு வந்தது. என் ஆபீஸ்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு கேட்டேன். ஒருத்தர் கையைத் தூக்கினார். அவர் மேகாலயாக்காரர்.

நான் இருக்கிற நீலசந்திராவுக்குப் பக்கத்துலயே ஆஸ்டின் டவுன் மைதானம். கொஞ்சம் தள்ளி அசோக் நகர்ல பெங்களூரு ஃபுட்பால் ஸ்டேடியம். 2013-14ல பெங்களூரு எஃப்.சி. முதல் சீசன்லயே ஐ-லீக் ஜெயிச்சது அங்க ஆடித்தான். அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1937ல ரோவர்ஸ் கப்பை ஜெயிச்ச முதல் இந்திய டீம் பெங்களூர் முஸ்லிம்ஸ். 1962ல ஜகார்த்தாவுல ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கின டீம்ல இருந்த அருமைநாயகம் பெங்களூர்க்காரர். ராமனைப் பத்தி மேலயே சொன்னேன். இவங்களைத் தேடிப் பாருங்க, ஒரு கோல், ஒரு வருஷம், ஒரு பதக்கம், அதுக்கு மேல அதிகம் கிடைக்காது. இங்கிலாந்துல 1950ல நடந்த ஒரு ரெண்டாந்தர மேட்சோட ரெண்டாம் பாதியைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவுக்குக்கூட, நான் வாடகைக்கு இருக்கிற ஏரியாவோட ஆட்டக்காரங்களைப் பத்திப் படிக்க எழுத்து இல்லை.

இதுதான் என் கோவம். எண் அதிகமாயிடுச்சுன்னு நான் புலம்பலை. காசு இருக்கற இடத்துலயும் கேமரா இருக்கற இடத்துலயும் மட்டும்தான் எண்ணுறோம். பத்து வயசுப் பொண்ணோட பாஸை எண்ண ஆள் இருக்கு. ஏன்னா அவ அப்பன் ஃபீஸ் கட்டறான். முப்பது வருஷம் ஆஸ்டின் டவுன்ல ஆடின ஆளோட கோலை எண்ண ஆள் இல்லை. காரைக்குடிப் பக்கம் கண்டனூர்ல இருந்து வந்த சிவசக்தி நாராயணன், 2022 டூரண்ட் கப் ஃபைனல்ல பெங்களூரு எஃப்.சி.க்கு முதல் கோல் அடிச்சார், 2022-23 ஐ.எஸ்.எல்.ல எமர்ஜிங் பிளேயர் விருது வாங்கினார். அவருக்கு டி.வி. எண் போட ஆரம்பிச்சது இங்க வந்த பிறகு. அதுக்கு முன்னாடி அவரைக் கண்டு, நம்பி, வளர்த்தது ராமன் விஜயனோட பயிற்சிப் பள்ளி மாதிரி இடத்துல இருந்த ஆட்கள்.

சும்மா கத்திட்டுப் போறதுல எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால நான் செஞ்சதைச் சொல்றேன், பிடிச்சா நீங்களும் செய்யுங்க.

அகாடமிக்காரர்கிட்ட, என் பொண்ணோட ரிப்போர்ட்டை அவளுக்குக் காட்ட வேண்டாம், எனக்கும் அனுப்ப வேண்டாம், கோச் நீங்க வெச்சுக்கோங்கன்னு சொல்லிட்டேன். டாக்டர் பார்க்க வேண்டிய ஸ்கேனை நோயாளி வீட்டு ஹால்ல மாட்டி வைக்கிறதில்லையே. கோச்சுக்கு அது உதவும். யார் களைச்சுப் போறா, யாருக்குப் பந்தே வர்றதில்லைன்னு பார்க்கட்டும். பத்துக்கு எத்தனைங்கிற ரேட்டிங் மட்டும் அவருக்கும் வேண்டாம். வீட்ல மேட்ச் முடிஞ்சதும் இப்ப ஒரே கேள்விதான்: "இன்னிக்கு என்ன புதுசா முயற்சி பண்ணினே?" தப்பாப் போன பாஸை அவ நடிச்சே காட்டறா.

அப்புறம் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். ஞாயித்துக்கிழமை ஆஸ்டின் டவுன் மைதானத்துக்கு எடுத்துட்டுப் போறேன். தேதி, எந்த டீம், யார் கோல், யார் கோல்கீப்பர். அவ்வளவுதான். எக்ஸ்.ஜி.யும் இல்லை, ரேட்டிங்கும் இல்லை. உள்ளூர் டோர்னமென்ட் ஆடறவங்ககிட்ட இனிஷியலோட பேரைக் கேட்டு எழுதிக்கறேன். முதல் வாரம் "எதுக்குண்ணா?"ன்னு கேட்ட பசங்க, மூணாவது வாரம் மேட்ச் முடிஞ்சதும் நேரா என்கிட்ட வந்து, "ண்ணா, செகண்ட் கோல் என்னுது, சரியாப் போட்டீங்களா?"ன்னு எட்டிப் பார்க்கறாங்க.

நீங்க துபாய்ல இருக்கலாம், டொராண்டோவுல இருக்கலாம், இதே ஊர்ல ஒயிட்ஃபீல்டுல இருக்கலாம். உங்க பக்கத்துலயும் ஒரு மைதானமும், நம்ம பசங்க நாலு பேரும் இருப்பாங்க. நோட்டு நாப்பது ரூபாதான் மக்களே.